மரியாவின் கழுத்தும் என் வகுப்பின் கடைசி பெஞ்சும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, தடித்த தாள் ஒன்றில் அச்சிட்டிருந்த வட்டங்களில் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஒற்றி எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. என் வீட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிறந்து மூணு நாள்தான் ஆச்சு, பச்ச மண்ணு, அதைப் போய்க் குத்துறீங்களே" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "தைராய்டு சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தாம்மா. குறை இருந்தா இப்பவே மருந்து ஆரம்பிச்சிடலாம். மூளை வளர்ச்சி பாதிக்காது" என்றார்.

நான் வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பெண்பிள்ளைகளின் நினைவு வந்தது. ஒருத்தி சுவிட்சர்லாந்துக்காரி, 1874இல் அவளுக்கு 11 வயது. இன்னொருத்தி என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து நடுநிலைப்பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை அறிவியல் பாடம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். நாளமில்லாச் சுரப்பிகள் வந்தால் கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுவேன். சுரப்பி, இருக்கும் இடம், சுரக்கும் ஹார்மோன், குறைந்தால் வரும் நோய். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தைராக்சினுக்கு நேரே 'ஆளுமை ஹார்மோன்' என்று எழுதி அடிக்கோடு போடச் சொல்வேன். பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும் என்று அப்போதே மனதில் ஏற்றிவிடும் ஆசை. கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பிக்கும் ஒருவரின் ஆளுமைக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. ஓய்வுக்குப் பிறகு மருத்துவ வரலாறு படிக்கத் தொடங்கியபோதுதான் பெர்ன் நகரத்து தியோடர் கோச்சர் எனக்கு அறிமுகமானார்.

கோச்சர் 1841இல் பிறந்தவர். இளம் வயதிலேயே பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆகிவிட்டார். அந்தக் காலத்து சுவிட்சர்லாந்தில் கழுத்தில் கழலை இல்லாத ஆளைப் பார்ப்பது சில ஊர்களில் அரிது. நம் பாடநூல் முன்கழுத்துக் கழலை என்று சொல்கிறதே, அதுதான். சிலருக்கு அது தேங்காய் அளவுக்கு வளர்ந்து மூச்சுக்குழலை நெரிக்கும். அறுத்து எடுக்கலாம் என்றால் அந்த இடம் முழுக்க ரத்தக் குழாய்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த அறுவைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை இறந்துபோனார்கள். கத்தியை எடுக்கவே மருத்துவர்கள் பயந்தார்கள்.

கோச்சர் பயப்படவில்லை. கிருமிநீக்க முறையைக் கடைப்பிடித்தார். ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் கட்டிக் கட்டி, அவசரமே இல்லாமல், சுத்தமாக வேலை செய்தார். அவரிடம் கழலை அறுவை செய்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். கழலை மீண்டும் வளரக் கூடாதே என்று சிலருக்குச் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார். அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கழுத்துக்கு அழகு சேர்க்க இருக்கிறது என்று சொன்னவர்கள்கூட உண்டு. நாளம் இல்லை, எதையும் வெளியே விடுவதாகத் தெரியவில்லை. எடுத்தால் என்ன நஷ்டம்?

1874 ஜனவரியில் அப்படி முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவள்தான் மரியா ரிக்சல். காயம் நன்றாக ஆறியது. வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதங்கள் கழித்து, அவளை அனுப்பிவைத்த மருத்துவர் ஃபெட்செரின், அந்தப் பெண் ஆளே மாறிவிட்டாள் என்று கோச்சரிடம் தெரிவித்தார். முன்பு கலகலப்பாக இருந்தவள் சிடுசிடுப்பாகவும் மந்தமாகவும் ஆகிவிட்டாள். கட்டாயப்படுத்தினால்தான் ஒரு வேலையைச் செய்கிறாள். இதற்கும் தன் அறுவைக்கும் தொடர்பு இருக்கும் என்று கோச்சர் அப்போது நினைக்கவில்லை. அவளைப் பிறகு பார்க்கவும் இல்லை.

இப்படியே 8 ஆண்டுகள் ஓடின. 1882 செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு. அங்கே ழாக்-லூயி ரெவெர்தன் என்ற அறுவை மருத்துவர் கோச்சரைச் சந்தித்தார். சுரப்பியை முழுதாக எடுத்த தன் நோயாளிகள் சிலர் சில மாதங்களில் சோர்ந்து, முகம் ஊதி, புத்தி மந்தமாகிவிட்டதாகச் சொன்னார். (யார் முதலில் கண்டது என்று பிற்பாடு இருவருக்கும் பெரிய சண்டை. அது நமக்கு வேண்டாம்.) ஊர் திரும்பிய கோச்சர் ஒரு காரியம் செய்தார். தன்னிடம் கழலை அறுவை செய்துகொண்டவர்களைத் தேடிப் பிடித்து, நேரில் வரச் சொல்லி ஆள் அனுப்பினார், கடிதம் போட்டார்.

சுரப்பி முழுதாக எடுக்கப்பட்டவர்களில் 18 பேர் வந்தார்கள். அந்த 18 பேரில் 16 பேர் கெட்டுப்போயிருந்தார்கள். முகம் வீக்கம், தடித்த தோல், உதிர்ந்த முடி, எப்போதும் குளிர், இழுத்து இழுத்துப் பேச்சு, யோசிக்க நேரம் எடுக்கும் மூளை. மரியாவும் வந்தாள். கூடவே அவள் தங்கையும் வந்தாள். அறுவைக்கு முன்னால் இருவரையும் பார்ப்பவர்கள் எது அக்கா எது தங்கை என்று குழம்புவார்களாம், அவ்வளவு சாயல். இப்போது தங்கை வளர்ந்த இளம்பெண். மரியா அதே 11 வயது உயரத்தில், ஊதிய முகத்தோடு, பாதி புத்தி மழுங்கியவளாக நின்றாள்.

இருவரையும் அருகருகே நிற்க வைத்துப் பார்த்தபோது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? செத்துப்போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று 9 ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். 1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் கூடியிருந்த சபையில் எழுந்து நின்று, தன் கையால் விளைந்ததை எண்ணிக்கையோடு சொன்னார். புற்றுநோய் தவிர வேறு எதற்காகவும் இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். 1909இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுவை மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது. அதற்குள் ஆயிரக்கணக்கில் கழலை அறுவை செய்து, இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்திருந்தார். ஆனால் எனக்கு அந்த நோபலைவிட அந்தக் கடிதங்கள்தான் பெரிதாகத் தெரிகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே காலத்தில் வியன்னாவில் பில்ரோத் என்ற பெரிய அறுவை மருத்துவர் இருந்தார். அவர் கை வேகமான கை. அவருடைய நோயாளிகளுக்கு மந்தம் அவ்வளவாக வரவில்லை. கை கால் இழுத்துக்கொள்ளும் இழுப்பு வந்தது. கோச்சரின் நோயாளிகளுக்கு இழுப்பு அரிது. பின்னாளில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் இருவரின் வேலையையும் பக்கத்திலிருந்து பார்த்து இதற்கு விளக்கம் சொன்னார். தைராய்டின் பின்புறம் அரிசி மணிகளைப் போல நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பது இவற்றின் வேலை. பில்ரோத்தின் வேகத்தில் தைராய்டின் துண்டுகள் உள்ளே தங்கிவிடும், ஆனால் இந்த அரிசி மணிகள் போய்விடும். கோச்சரின் பொறுமையான கை இந்த மணிகளை விட்டுவிட்டுத் தைராய்டை மட்டும் மிச்சமில்லாமல் எடுத்துவிடும். அவ்வளவு சுத்தமாக எடுத்ததால்தான் அந்தச் சுரப்பி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

லண்டன் மருத்துவர்கள் சிலருக்கு இது வேறொன்றை நினைவூட்டியது. வில்லியம் கல் என்பவர் 1873லேயே, நடுவயதுப் பெண்கள் சிலருக்குக் காரணமில்லாமல் முகம் ஊதி, குரல் தடித்து, மந்தம் வருவதை எழுதியிருந்தார். அதற்கு மிக்ஸிடிமா என்று 1878இல் பெயரும் வைத்தாயிற்று. மலைநாட்டுக் குழந்தைகளிடம் பிறவியிலேயே காணப்படும் கிரிட்டினிசம், பெண்களின் மிக்ஸிடிமா, கோச்சரின் நோயாளிகள் மூன்றும் ஒன்றுதான், மூன்றிலும் தைராய்டு இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்று ஃபெலிக்ஸ் செமோன் சொன்னபோது சிரித்தார்கள். ஒரு குழு போட்டார்கள். குழு 5 ஆண்டுகள் ஆராய்ந்து 1888இல் செமோன் சொன்னதே சரி என்றது. நம் ஊர் கமிட்டிகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இதுவாவது முடிவைச் சொன்னது.

இல்லாததைத் திருப்பிக் கொடுத்தால்? 1890இல் லிஸ்பனில் இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆட்டின் தைராய்டை மிக்ஸிடிமா நோயாளி ஒருவரின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். மறுநாளே தேறத் தொடங்கிவிட்டார். ஒரே நாளில் அந்தத் துண்டுக்கு ரத்தக் குழாய்கள் முளைத்திருக்க வழியில்லை. அப்படியானால் அதன் சாறு ரத்தத்தில் கலந்துதான் குணம் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சின்ன யோசனையில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டார். 1891இல் ஆட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். மூன்று மாதத்தில் முகவீக்கம் வடிந்தது, பேச்சு வந்தது, நடமாட்டம் வந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்து 1919இல் 74 வயதில் இறந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்குச் செலவான ஆட்டுச் சுரப்பிகள் 870க்கு மேல் என்று மர்ரே கணக்கு வைத்திருந்தார். அடுத்த ஆண்டே ஊசி வேண்டாம், வாய்வழியே கொடுத்தாலும் போதும் என்று தெரிந்துவிட்டது. ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தன் நோயாளிக்கு எழுதிக்கொடுத்தது: வாரம் ஒருமுறை பாதி ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பழ ஜெல்லியோடு சாப்பிடவும்.

'ஹார்மோன்' என்ற சொல்லே அப்போது இல்லை என்பதைக் கவனியுங்கள். அது 1905இல் லண்டன் சொற்பொழிவு ஒன்றில் ஸ்டார்லிங் பயன்படுத்திய பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு 3 ஆண்டு முன்பு அவரும் பெய்லிஸும், நரம்பின் உதவி இல்லாமலே சிறுகுடல் ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் அனுப்பிக் கணையத்தைச் சுரக்க வைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். உடம்பில் கட்டளைகள் நரம்பு என்ற கம்பி வழியாக மட்டும் போவதில்லை, ரத்தத்தில் தபாலாகவும் போகின்றன. தைராய்டின் தபால் என்ன என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் அன்று படிகமாகப் பிரித்தெடுத்தார். பிற்பாடு 33 கிராம் தைராக்சின் எடுக்க அவருக்கு ஏறக்குறைய 3 டன் பன்றித் தைராய்டு தேவைப்பட்டது. 1926இல் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டார், மறு ஆண்டு ஆய்வகத்திலேயே அதைச் செய்தும் காட்டினார். இன்று உங்கள் வீட்டில் யாராவது காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார்களே, சின்ன வெள்ளை மாத்திரை, அதன் வம்சம் இது.

தைராக்சினுக்குள் அயோடின் இருக்கிறது. கழலை ஏன் வீங்குகிறது என்பதற்கு விடையும் அங்கேதான். வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வைத்திருப்போம் அல்லவா? தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அப்படித்தான் ரத்தத்தில் தைராக்சினின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரட்டும். அயோடின் இல்லாவிட்டால் தைராய்டு எப்படித் தயாரிக்கும்? பிட்யூட்டரிக்கு அது தெரியாது. இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று விரட்டிக்கொண்டே இருக்கும். அடிபட்ட தைராய்டு வேலை செய்ய முயன்று முயன்று உருவத்தில் பெருக்கும். கழலை நோயாளிகளின் டி.எஸ்.எச். ஏன் கூடுகிறது, மாத்திரை போட்டதும் ஏன் இறங்குகிறது என்று குழம்புபவர்கள் இந்தத் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம்.

ஆல்ப்ஸ் மலை மண்ணில் அயோடின் குறைவு. பனியாறுகள் மேல்மண்ணை வழித்துப் போய்விட்டன. ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் 1820லேயே கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தவர்தான். அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்ததில் பலருக்குக் கெடுதல் வந்து, அந்த வைத்தியத்தின் பெயர் கெட்டுப்போனது. எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடிக்க இன்னும் 100 ஆண்டுகள் ஆயின. 1918இல் பயார் என்ற மலைக்கிராம மருத்துவர், உப்பில் மிகச் சிறிதளவு அயோடின் உப்பைக் கலந்து சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது. 1922இல் ஒரு மாநிலத்தில் தொடங்கி சுவிட்சர்லாந்து முழுக்க அயோடின் உப்பு பரவியது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். நானே பெருக்கிப் பார்த்தேன்: 70 ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்து 4 கிராம்கூட வரவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் மலைக்கிராமங்களில் கழலையை ஆராய்ந்தார். காரணம் குடிநீரில் இருக்கிறது என்று நம்பி, அந்தத் தண்ணீரின் கசடைத் தானும் குடித்துப் பார்த்தார். அதே மெக்காரிசன்தான் பிறகு நம் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வை வளர்த்தவர். அந்த ஆய்வகம்தான் பின்னர் ஹைதராபாத்துக்குப் போனது. 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் குழுவினரும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. ஐந்தாறு ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடங்களில் பிள்ளைகளின் கழலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது, மற்றதில் குறையவில்லை. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது இதை அடியொற்றித்தான்.

உப்பு சரியானாலும் எல்லாம் சரியாகிவிடாது. சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாத தைராய்டோடோ பிறக்கும். பிறந்தவுடன் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தாயிடமிருந்து வந்தது கொஞ்ச நாள் தாங்கும். தெரியவரும்போது மூளைக்கு நேரம் கடந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ என்பவர், தாளில் காய்ந்த ஒரு சொட்டு ரத்தமே போதும், அதில் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். என் பேத்தியின் குதிகாலில் குத்தியது அந்த ஊசி.

இன்னும் சிலருக்குப் பிறக்கும்போது நன்றாக இருந்து, நடுவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அழித்துவிடும். உப்பு, குதிகால் ஊசி எதிலும் அது அகப்படாது. கூட இருப்பவர்கள் கவனித்தால்தான் உண்டு.

இப்போது என் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். 1990களில் நடந்தது. ஆறாம் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தவள் ஏழில் சரிந்துவிட்டாள். வகுப்பில் தூங்குவாள். கணக்கைக் கரும்பலகையிலிருந்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நல்ல வெயிலிலும் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். குரல் கரகரத்துவிட்டது. நான் அவளைத் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட ஆரம்பித்தேன், வகுப்பே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. கடைசி பெஞ்சில் நிற்க வைத்திருக்கிறேன். கையில் அடித்தும் இருக்கிறேன். அவள் தங்கை ஐந்தாம் வகுப்பு. காலைக் கூட்டத்தில் இருவரும் பக்கத்தில் நிற்கும்போது தங்கை அக்காவைவிட உயரம். "தங்கச்சிக்குச் சோறு போடுறாங்க, உனக்குப் போடலையா?" என்று கேட்டுச் சிரித்தேன். தைராய்டுக் குறைவின் அறிகுறிகளை அதே வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம் நான். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் "சார், நல்லாருக்கீங்களா?" என்று ஒரு குரல். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள்தான் சொன்னாள். கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது தைராய்டு என்று கண்டுபிடித்தார்களாம். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது என்றார்களாம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த இரண்டே மாதத்தில் தலையிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்றாள். இப்போது ஒரு பையன், நன்றாகப் படிக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே தெரிஞ்சிருந்தா எனக்கும் கணக்கு வந்திருக்குமா சார்?" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வந்திருக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்துவிட்டேன்.

பேத்தியின் ரிப்போர்ட் வந்துவிட்டது. நார்மல்.

கோச்சரிடம் முகவரிகள் இருந்தன. என்னிடம் இல்லை, வருகைப் பதிவேடுகளெல்லாம் பள்ளி அலமாரியோடு போயின. இந்தப் பக்கத்தில் என் பழைய மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்த ஆண்டுகளில் என் வகுப்பில் மந்தம் என்று பெயர் வாங்கி, பின்னாளில் இந்த நோய் இருந்ததாகத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பொதுவில் எழுத வேண்டாம், இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். அந்தப் பெண்ணின் தங்கை இதைப் படித்தால், அக்காவின் நம்பர் அனுப்பம்மா. அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.